படகுத்துறைக்கு மடக்கு ஏணி: தேர்வு செய்வது முதல் பொருத்துவது வரை

ஏணி மேலே மடங்கிக் கிடக்கும் நேரத்தில் ஒருவர் தண்ணீரில் தவறி விழுந்தால் எதைப் பிடித்து ஏறுவார்? மடக்கு ஏணி வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை படி, என்ன உலோகம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கடையில் ஏணியைக் கரையில் நின்று பார்க்கிறோம். அதைப் பயன்படுத்தப் போகிறவரோ தண்ணீருக்குள், ஈரக் கையோடு, சில நேரம் குளிரில் விறைத்த விரல்களோடு இருப்பார். அவர் பக்கத்திலிருந்து யோசித்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

இந்த வழிகாட்டி ஒன்ராறியோ மாகாணத்து நன்னீர் ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது: கவார்த்தா, ஹாலிபர்டன், மஸ்கோகா, சிம்கோ. குளிர்காலத்தில் உறையும் ஏரி, மரச்சட்டத்தில் பலகை அடித்த துறை, கோடையில் நீச்சல், பக்கத்தில் கட்டிய ஒரு சிறு படகு என்ற அமைப்புதான் இங்கே கணக்கு. கடலோரத் துறைக்கும் பெரும்பகுதி பொருந்தும். உலோகத் தேர்வு மட்டும் மாறும்.

ஏன் மடக்க வேண்டும்

நிலையாகத் தண்ணீரில் நிற்கும் ஏணியில் சில வாரங்களில் பாசி படிந்துவிடும். வழுக்கல் ஒரு தொல்லை என்றால் வரிக்குதிரைச் சிப்பிகள் இன்னொன்று. கவார்த்தா, சிம்கோ ஏரிகள் வழியாகப் போகும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் இவை பரவியிருக்கின்றன. விரல் நகத்தளவுதான் இருக்கும், ஆனால் ஓட்டின் விளிம்பு உள்ளங்காலைக் கிழிக்கும். பயன்படுத்தாத நேரத்தில் ஏணி வெயிலில் காய்ந்தால் இரண்டும் ஒட்டாது. படகைத் திருப்பும்போது ஏணியில் மோதாது என்பதும் லாபம். எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் பனிக்கட்டி. உறைந்த ஏரியில் சிக்கிய ஏணியை, பனி நகரும்போது துறையின் விளிம்புப் பலகையோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எந்த வகை

முதல் வகை புரட்டு ஏணி. துறையின் விளிம்பில் கீல் இருக்கும். ஏணியின் கீழ் முனையைத் தூக்கிப் புரட்டினால் மேல்பலகையில் வந்து படுக்கும், அல்லது கைப்பிடியில் சாய்ந்து நிற்கும். வீட்டுத் துறைகளுக்கு நாங்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைத்தான். நகரும் பாகம் இரண்டு கீல்கள் மட்டுமே. கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. 4 படி ஏணி மடங்கிப் படுக்க 4 முதல் 5 அடி வரை காலி இடம் வேண்டும். துறையின் அகலமே 4 அடி என்றால் நடைபாதை அடைபட்டுவிடும்.

இரண்டாவது தூக்கு ஏணி. தண்டவாளம் போன்ற பிடிகளுக்குள் நேராக மேலே தூக்கிக் கடையாணியால் நிறுத்தி வைப்பது. இடம் அடைக்காது. ஆனால் மேலே தூக்கிய நிலையில் ஆளுயரத்துக்கு நிற்கும், காற்றில் ஆடும். கடையாணியை உருவியதும் கைப்பிடி நழுவினால் முழு எடையும் விரலில் இறங்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல. நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரியில், மிதக்காமல் தரையில் நிலையாகக் கட்டிய துறை (கட்டுமானத் துறை) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது புரட்டு ஏணியை விடச் சிறந்தது. பருவத்துக்கு ஏற்ப ஏணியை இரண்டு துளை கீழே இறக்கிக்கொள்ளலாம் அல்லவா!

தொலைநோக்கி போல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் ஏணி படகுகளுக்கு உரியது. துறையில் வேண்டாம். மணல் புகுந்தால் குழாய் இறுகும், படிகளும் காலுக்கு மெலிசு.

பிடி (ஏணியைத் துறையோடு இணைக்கும் உலோகத் தாங்கி) மட்டும் துறையில் தங்க, ஏணியைக் கழற்றி உள்ளே வைக்கும் வகையும் உண்டு. வாடகைக்கு விடும் காட்டேஜ்களுக்கு அது சரிவராது. வந்தவர்களுக்கு ஏணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

முழங்கால் வலி உள்ளவர்கள், வயதானவர்கள், நாய் வைத்திருப்பவர்கள் சாய்வான மடக்குப் படிக்கட்டைப் பார்க்கலாம். படி ஆழமாகவும் ஏற்றம் சாய்வாகவும் இருக்கும். விலையும் எடையும் கூடுதல். புரட்டுவதற்கே வலுவான ஆள் வேண்டும்.

அளவு: மூன்று எண்கள்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது ஏணிக்கும் பொருந்தும். எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று: மேல்பலகையிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரம், அந்த இடத்தில் நீரின் ஆழம், கோடை முடிவில் நீர் எவ்வளவு இறங்கும் என்பது.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்ராறியோ ஏரியையும் ஜோர்ஜியன் விரிகுடாவையும் இணைக்கும் 386 கிலோமீட்டர் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் நீர்மட்டத்தைக் கவனிப்பது மத்திய அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடா. கோடையில் கவார்த்தா ஏரிகளில் படகுப் போக்குவரத்துக்குத் தண்ணீர் குறையாமல் இருக்க, வடக்கே ஹாலிபர்டன் பகுதியிலுள்ள தேக்க ஏரிகளிலிருந்து நீரைத் திறந்துவிடுவார்கள். அதனால் கவார்த்தாவில் மட்டம் ஏறக்குறைய நிலையாக இருக்க, தேக்க ஏரிகளில் செப்டம்பருக்குள் நன்றாக இறங்கிவிடும். சிலவற்றில் ஒரு மீட்டருக்கும் மேல். மே மாதம் அளந்து வாங்கிய ஏணி, ஆகஸ்ட் கடைசியில் அந்தரத்தில் தொங்குவது இதனால்தான். பக்கத்துக் காட்டேஜில் பல வருடம் இருப்பவரிடம் கேளுங்கள், அல்லது பாறையில் படிந்த நீர்க்கோட்டைப் பாருங்கள்.

கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இருக்க வேண்டும்? படகுகளில் பொருத்தும் ஏணிக்கு அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி வகுத்த குறைந்த அளவு 22 அங்குலம். துறைக்கும் அதையே அடிப்படையாக எடுத்து, 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நீரில் மிதந்துகொண்டிருப்பவர் முழங்காலை மடக்கிப் படியில் கால் வைக்க அவ்வளவு ஆழம் வேண்டும். அதற்கு மேலே இருந்தால் கால் துறைக்கு அடியில் போய்விடும், உடம்பு பின்னால் சாயும், முழு எடையும் கைக்கு வந்துவிடும்.

மிதவைத் துறைக்கு ஒரு கணக்கு. மேல்பலகையிலிருந்து நீர் 16 அங்குலம். அதோடு 24 சேர்த்தால் 40. படிகளுக்கிடையே 12 அங்குலம் என்றால் 3 படி ஏணி 36-இல் நின்றுவிடும், போதாது. 4 படி ஏணியில் கடைசிப் படி 48-இல் வரும். அதன் கீழே கால்முனை இன்னும் 4 அங்குலம் நீளும் என்று வைத்தால் மொத்தம் 52, அதாவது நீருக்குள் 36. ஆட்கள் கூடி நிற்கும்போது துறை 3 அங்குலம் அமுங்கும். தரைக்கும் ஏணிக்கும் குறைந்தது 6 அங்குல இடைவெளி வேண்டும். ஆக, நீர் மிகவும் குறைந்த நாளில் அந்த இடத்தில் 45 அங்குல ஆழம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏணி தரையில் ஊன்றி, துறையின் எடை முழுவதும் கீலில் ஏறி, கீல் வளையும்.

கட்டுமானத் துறையில் கணக்கு வேறு. மரக்கூண்டில் கல் நிரப்பிக் கட்டிய துறை நீரோடு இறங்காது. மே மாதத்தில் நீர் 14 அங்குலம் கீழே, செப்டம்பரில் இன்னும் 20 இறங்கும் என்றால் 34. அதோடு 24 சேர்த்தால் 58. 5 படி ஏணி 60-க்கு வரும், சரியாகப் போதும்.

எங்கே பொருத்துவது

மிதவைத் துறையில் ஏணி ஏறுபவரின் எடை விளிம்புக்கு வெளியே விழுகிறது. ஒரு கன அடி மிதவை முழுதாக அமுங்கினால்தான் 62 பவுண்டு தாங்கும். 200 பவுண்டு ஆளுக்கு அந்தப் பக்கம் மட்டும் மூன்று கன அடிக்கு மேல் கூடுதலாக அமுங்க வேண்டும். 4 அடி அகலத் துறையின் நீளப் பக்கத்தில் ஏணி வைத்தால், ஏறும்போது துறை உங்கள் மேல் சாய்ந்துவிடும். குறுகிய துறைக்கு ஏரியைப் பார்த்த வெளிமுனைதான் இடம். நீளவாக்கில் துறை அவ்வளவு எளிதில் சாயாது, ஆழமும் அங்கேதான் அதிகம். 8 அடிக்கு மேல் அகலம் இருந்தால் பக்கவாட்டில் வைக்கலாம். ஏணி ஒரு மிதவைக்கு நேர் மேலே வருமாறு பாருங்கள்.

படகின் இயந்திரம் நிற்கும் மூலையைத் தவிர்க்கவும். துறையின் கால்குழாய், நங்கூரச் சங்கிலி, நீருக்கடியில் குறுக்குச் சட்டம் ஏதும் ஏணிக்குப் பின்னால் இருக்கக்கூடாது. காலை நீட்டி அதில் இடித்துக்கொள்வார்கள். படிக்குப் பின்னால் பாதம் நுழைய இடம் தேவை. தொழிலிடங்களின் நிலையான ஏணிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி கேட்பது 7 அங்குலம். வீட்டுத் துறைக்கு அது சட்டமில்லை, ஆனாலும் நல்ல அளவு.

உலோகம், படி, கைப்பிடி

நன்னீரில் அலுமினியம் போதும். இலேசானது, ஒருவரே புரட்டலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலுவானது, ஆனால் கனம். நன்னீருக்கு 304 ரகம் சரி, உப்புநீருக்கு 316 வேண்டும்.

அலுமினியத்துக்கு ஒரு எதிரி உண்டு: அழுகாமலிருக்க மருந்தூட்டிய மரம். 2004 முதல் வட அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து நிறுத்தப்பட்டு, செம்பு அதிகமுள்ள மருந்துகள் வந்தன. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டால் அலுமினியம் அரிக்கும். இரண்டு பருவத்தில் பிடியின் அடியில் வெள்ளைப் பொடி தெரிய ஆரம்பிக்கும். பிடிக்கும் மரத்துக்கும் இடையே பிளாஸ்டிக் தகடு வைத்தால் தீர்ந்தது. பெட்டியில் அது வராது, நீங்கள்தான் வாங்க வேண்டும்.

படி உருண்டைக் குழாயாக இருந்தால் வெறுங்காலுக்கு வலிக்கும். 3 அங்குலமாவது தட்டையான, வரிப்பள்ளம் உள்ள படி நல்லது. ஏணியின் அகலம் 16 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சுமைதிறன் 300 பவுண்டுக்குக் கீழே உள்ளதைத் தொடவே வேண்டாம்.

கைப்பிடி மேல்பலகைக்கு மேலே 30 அங்குலம் உயர்ந்திருந்தால் மேல் படியிலிருந்து துறைக்குக் காலெடுத்து வைப்பது எளிது. கைப்பிடியே இல்லாத ஏணிகளும் விற்கிறார்கள். ஏறியவர் ஈரப் பலகையில் குப்புறப் படுத்துத் தவழ வேண்டியதுதான்.

வாங்க வேண்டியவை

ஏணியோடு வரும் திருகாணிப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். அதில் பெரும்பாலும் மரத்திருகு இருக்கும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேச வேண்டாம். ஒரு பிடிக்கு 4 துளை, இரண்டு பிடிகள் உள்ள 4 படி புரட்டு ஏணிக்கு:

- 3/8 அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட் 8, நைலான் பூட்டு நட் 8
- பலகைக்கு அடியில் வைக்க ஒன்றரை அங்குல அகல வாஷர் 8, மேலே வைக்க நைலான் வாஷர் 8
- மேல்பலகைக்கு அடியில் வைக்கும் அடிக்கட்டைக்கு, மருந்தூட்டிய 2×8 பலகை (பெயரளவில் 2 அங்குலத் தடிமன், 8 அங்குல அகலம்) 4 அடி; பொருத்தும் முறையில் 8ஆவதாக வரும் முட்டுப் பலகை வேண்டுமானால் அதற்குத் தனி
- 3 அங்குலக் கட்டுமானத் திருகு 24
- கால் அங்குலப் பிளாஸ்டிக் தகடு, இரண்டு பிடிகளின் அளவுக்கு
- மரை இறுகாமலிருக்கத் தடவும் பசை ஒரு குழல், வெட்டிய மரத்துக்குப் பூசும் செம்பு மருந்து ஒரு சிறு டப்பா
- ரப்பர் முட்டு 2, மிதக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு 6 மில்லிமீட்டர் தடிமனில் 10 அடி
- உபரிக் கடையாணி 2

போல்டின் நீளத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள். மேல்பலகை 1½ அங்குலம், அடிக்கட்டை 1½, பிடியும் தகடும் ½, வாஷரும் நட்டும் ½ என்றால் 4 அங்குலம். மேல்பலகை 1 அங்குலம்தான் என்றால் 3½ போதும். நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிந்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் நீந்துபவரின் தலையில் இடிக்கும்.

மேலே பார்த்தது பலகைத் துறைக்கு. அலுமினியச் சட்டத் துறையில் பெரும்பாலும் சட்டத்திலேயே பள்ளம் இருக்கும், தயாரிப்பாளரின் டி வடிவ போல்ட் அதில் நுழையும். பிளாஸ்டிக் கட்டைகளை இணைத்த துறையைத் துளைக்கவே கூடாது. அந்தந்தக் கம்பெனியின் இணைப்பூசிதான் வழி.

அடிக்கட்டை ஏன்

ஏணி பிடுங்கிக்கொண்டு வந்தது என்று கேள்விப்பட்டால், பத்துக்கு ஒன்பது அதை மேல்பலகையில் மட்டும் திருகியிருப்பார்கள். ஏறுபவர் 30 அங்குல உயரத்தில் கைப்பிடியை 60 பவுண்டு விசையோடு தண்ணீர்ப் பக்கம் இழுக்கிறார் என்று வைப்போம். பிடியின் பின்வரிசை போல்ட் விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளே இருக்கிறது. நெம்புகோல் கணக்கில் 30 ஐ 60 ஆல் பெருக்கி 6 ஆல் வகுத்தால் 300 பவுண்டு, அதுவும் மேல்நோக்கி. பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் இதை ஒரு முறை தாங்கும், நூறு முறை தாங்காது. அடிக்கட்டை இந்த இழுப்பைப் பலகையிடமிருந்து வாங்கித் துறையின் எலும்புக்கூட்டுக்குக் கொடுக்கிறது.

பொருத்தும் முறை

துறை கரையில் இருக்கும்போதே செய்தால் பாதி வேலை மிச்சம். மிதவைத் துறையைப் பனிக்காலத்துக்கு வெளியே இழுப்பவர்கள், வசந்தத்தில் இறக்கும் முன் பொருத்திவிடலாம். துறை நீரில்தான் இருக்கிறது என்றால், அடியில் புகுந்து வேலை செய்ய முயலாதீர்கள். மேல்பலகை இரண்டு மூன்றைக் கழற்றி மேலிருந்தே செய்யுங்கள். உதவிக்கு ஒருவர், இருவருக்கும் மிதவைச் சட்டை. துறையில் மின்சாரம் இருந்தால் கரையிலேயே நிறுத்திவிடுங்கள்.

1. ஏணியைப் பிடியோடு சேர்த்து விளிம்பில் வைத்து, இறக்கியும் மடக்கியும் பாருங்கள். மடங்கும்போது கொடிக்கம்பமோ படகு கட்டும் கொம்போ தடுக்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். இரண்டு கீல்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பது முக்கியம். கோணமட்டம் வைத்துப் பாருங்கள். கால் அங்குலம் விலகினாலும் ஏணி மடங்கும்போது இறுகும்.

2. துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். குறி எதுவும் அடிச்சட்டத்தின் விளிம்பில் விழுந்தால் ஏணியை ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள்.

3. அந்தப் பலகைகளைக் கழற்றுங்கள். அடிச்சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் உள்ளிடைவெளி 14½ அங்குலம். 2×8 பலகையை அந்த நீளத்தில் மூன்று துண்டுகளாக வெட்டி, வெட்டுமுகத்தில் செம்பு மருந்து பூசி, மேல்பலகையைத் தொடுமாறு தட்டையாக வைத்து, ஒவ்வொரு முனையிலும் சட்டத்தின் வழியாக 4 திருகு போடுங்கள்.

4. பலகைகளைத் திருப்பிப் போட்டு, 13/32 அங்குல அலகால் நேர் கீழாகத் துளையுங்கள். சாய்ந்த துளையில் போல்ட் ஒரு பக்கமாக நின்று பிடியை முறுக்கும். துளைக்குள்ளும் மருந்து பூசுங்கள்.

5. பிளாஸ்டிக் தகடு, அதன் மேல் பிடி, நைலான் வாஷர், பசை தடவிய போல்ட் என்ற வரிசையில் இறக்குங்கள். அடியில் அகல வாஷரும் நட்டும். அடியில் ஒரு வாளியையோ தார்ப்பாயையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் நட் ஏரியில் விழுந்தால் காந்தம் போட்டும் எடுக்க முடியாது.

6. 9/16 ஸ்பேனரால் கையாலேயே முறுக்குங்கள். அடி வாஷர் மரத்தில் இலேசாகப் பதிந்ததும் நிறுத்துங்கள். அதிர்வு முறுக்கியைப் பயன்படுத்தினால் ஸ்டெயின்லெஸ் மரைகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

7. ஏணியைப் பிடியில் மாட்டிக் கடையாணி போடுங்கள். கீல் கடையாணிக்குப் பதில் போல்டில் சுழல்வது என்றால், இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

8. ரப்பர் முட்டுகளை வையுங்கள். இதைப் பலர் தேவையற்ற அலங்காரம் என்று நினைத்து விடுகிறார்கள். படியில் கால் வைத்து அழுத்தும்போது ஏணியின் கீழ்ப்பகுதி துறைக்கு அடியில் ஓடப் பார்க்கும். துறையின் முகப்பு 8 அங்குலம்தான் என்றால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. ஏணியின் இரு தண்டுகளுக்கும் பின்னால் 2×8 பலகையை 24 அங்குல நீளத்துக்குச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடிமுனையிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு சாய்வு முட்டுக் கொடுத்து, அதன் கீழ்முனையில் ரப்பரை வையுங்கள். கீலிலேயே தடுப்பு உள்ள ஏணிக்கு இது வேண்டாம்.

9. பத்து முறை மடக்கி இறக்குங்கள். பிறகு வீட்டில் கனமானவர் மிதவைச் சட்டையோடு நீரில் இறங்கி ஒவ்வொரு படியாக ஏறட்டும். மேலே இருப்பவர் பிடியையும் பலகையையும் கவனிக்க வேண்டும். பலகை இம்மியும் தூக்கக்கூடாது.

இரண்டு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி பாருங்கள். புது மரம் காய்ந்து சுருங்கும்.

தண்ணீரிலிருந்து இறக்க முடிகிறதா

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரின் பாதிப்பை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். மே மாதத்திலும் அக்டோபரிலும் ஒன்ராறியோ ஏரிகளில் இந்தக் கணக்கு மெய்யானது. நடுவிலுள்ள அந்தப் பத்து நிமிடம்தான் ஏணிக்குச் சொந்தம். அதற்குள் விறைத்த விரலால் கடையாணி உருவுவது நடக்காத காரியம்.

இழுகயிறு கட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் பலகையில் முழுதாகப் படுத்துவிட்ட புரட்டு ஏணியைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் பாருங்கள், அசையாது. கயிறு இழுக்கும் திசை பலகையோடு படுக்கையாக, கீலை நோக்கியே இருக்கிறது. ஏணியைத் தூக்கும் விசை எதுவும் பிறப்பதில்லை. இழுகயிறு வேலை செய்ய வேண்டுமானால், ஏணி செங்குத்தைத் தாண்டிச் சற்றே சாய்ந்து கைப்பிடியில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் ரகத்தில் மேல்முனைப் படியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஏணிக்கு நேராக விடாமல் 5, 6 அடி தள்ளி விளிம்பில் ஒரு வளையத்தின் வழியாக நீர்மட்டம் வரை தொங்கவிடுங்கள். இழுப்பவர் தலையிலேயே ஏணி விழாமலிருக்கத்தான் இந்தத் தூரம். கயிற்றின் முனையில் சுருக்கு வேண்டாம், கழுத்தும் காலும் மாட்டும். ஒரு மரக்குமிழோ பெரிய முடிச்சோ போதும்.

ஏணி படுக்கும் ரகம்தான் என்றால், துறையின் வேறொரு பக்கத்தில் 3 படி உள்ள சிறு நாடா ஏணியை மடித்துத் தொங்கவிட்டு, அதன் இழுநாடாவை நீருக்கு எட்டும்படி விடுங்கள். விலை அதிகமில்லை. இரண்டுக்கும் மேலே ஒரு விதி: யாராவது நீரில் இருந்தால், அல்லது குழந்தைகள் துறையில் இருந்தால், ஏணி இறங்கியே இருக்கட்டும்.

கோளாறுகளும் காரணங்களும்

அலையில் ஏணி மிதந்து எழுந்து டொக் டொக்கென்று அடிக்கிறதா? குழாய்களின் முனை அடைபட்டுக் காற்று சிறைப்பட்டிருக்கிறது. கீழ்முனையில் கால் அங்குலத் துளை, மேல்முனையில் ஒன்று போட்டால் நீர் புகுந்து கனம் ஏறும், மடக்கினால் வடிந்துவிடும். அந்தத் துளை பனிக்காலத்துக்கும் வேண்டும். உள்ளே தங்கிய நீர் உறைந்தால் குழாய் நீளவாக்கில் பிளக்கும்.

கீல் கிறீச்சிட்டு இறுகினால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன், இரண்டு பிடிகளும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் துறை முறுக்கியிருக்கும். ஏணி பக்கவாட்டில் ஆடினால் கடையாணித் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். நைலான் உறை போட்டுச் சரிசெய்யலாம். படியே கையில் சுழன்றால் அந்த ஏணியை மாற்றிவிடுங்கள், ரிவெட் அடித்துப் பிழைக்காது.

பாசி படிந்தால் நைலான் தூரிகையும் ஏரி நீரும் போதும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருக்கறை விடும். ப்ளீச்சை ஏரிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

துறைக்கு மின்கம்பி போயிருக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை. உடைந்த கம்பியிலிருந்து நீரில் கசியும் மின்சாரம், குறிப்பாக நன்னீரில், நீந்துபவரை முடக்கி மூழ்கடிக்கும். நீரில் இருக்கும்போது உடம்பில் கூச்சம் தெரிந்தால் உலோக ஏணியைப் பிடிக்காமல் துறையை விட்டு விலகி நீந்திக் கரையேற வேண்டும். கசிவுத் தடுப்பு மின்முறிப்பான் இல்லாத துறையில், உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்த பிறகே ஏணி பொருத்துங்கள்.

பனிக்காலம்

அக்டோபரில் கனடிய நன்றியறிதல் நாள் விடுமுறைக்குக் காட்டேஜை மூடப் போகும்போதே ஏணியையும் கழற்றிவிடுங்கள். கடையாணி இரண்டையும் உருவி, ஏணியைத் தலைகீழாக நிறுத்தி நீரை வடித்து, கொட்டகையில் வையுங்கள். பிடிகள் துறையிலேயே இருக்கலாம். கடையாணிகளை ஏணியின் படியிலேயே ஒரு கம்பியால் கட்டிவையுங்கள். வசந்தத்தில் தேடி அலைவது இவற்றைத்தான். ஏணியை வேறொரு ஏரிக்குக் கொண்டுபோவதானால் சிப்பியும் செடியும் ஒட்டியிருக்கக்கூடாது. நீரிலிருந்து நீருக்குப் படகையும் சாதனங்களையும் கொண்டுசெல்பவர்கள் செடிகொடிகளை அகற்றி நீரை வடிக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோ விதி.

ஏப்ரலில் பனி உருகியதும் ஏணியை மாட்டுவதற்கு முன் ஒரு கழியை இறக்கி ஆழத்தை மறுபடி அளந்து பாருங்கள். பனி தள்ளிக்கொண்டு வந்த பாறை ஏணிக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.